கழிமுக பாக்டீரியா ஆய்வு: பாட்டிலிலேயே தொடங்கும் பிழைகள்

கழிமுக பாக்டீரியா ஆய்வுகளில் பெரிய பிழைகள் பலவும் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே, படகிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஒரே இடத்தில் ஓதம் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது மொண்ட நீரும் வற்றும்போது மொண்ட நீரும் ஒன்றல்ல. முதலாவதில் கடலின் பங்கு அதிகம், இரண்டாவதில் ஆற்றின் பங்கு. ஆழமும் அப்படித்தான்: எடை குறைந்த நன்னீர் மேலே மிதக்க, உப்புநீர் அடியில் ஆப்புபோல நுழைகிறது. எந்த பாக்டீரியா எங்கே வாழும் என்பதை வெப்பத்தையும் காரகாடித்தன்மையையும் (pH) விட உப்புத்தன்மைதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று உலகளாவிய ஓர் ஒப்பீடு 2007-இல் காட்டியது. ஓத நிலை, ஆழம், உப்பளவு மூன்றையும் குறிக்காமல் ‘முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வேறுபாடு’ என்று எழுதினால், அது இடத்தின் வேறுபாடா நேரத்தின் வேறுபாடா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், அந்த பாட்டில். அடைத்து வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்கிவிடும். விப்ரியோ போல வேகமாகப் பெருகுபவை முந்திக்கொள்ளும். நல்ல ஊட்டமும் சூடும் கிடைத்தால் விப்ரியோ நேட்ரிஜென்ஸ் சுமார் 10 நிமிடத்தில் இரட்டிப்பாகும்! ஐஸில், இருட்டில் வைத்து, முடிந்தவரை சீக்கிரம் வடிகட்டுங்கள். சேறு அடைக்கிறதே என்று 3 மைக்ரான் வடிதாளில் முதலில் வடித்து, அதைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. கலங்கிய நீரில் துகள்களில் ஒட்டி வாழும் பாக்டீரியா அந்த வடிதாளோடு குப்பைக்குப் போய்விடுகின்றன.

அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக்கூழ்த் தட்டு) முளைத்ததை வைத்து ‘இங்கு இதுவே ஆதிக்கம்’ என்பது பழைய வழக்கம், இன்னும் விடவில்லை. ஒரு மில்லி கடல்நீரில் சுமார் 10 லட்சம் செல்கள் இருக்கும். வழக்கமான தட்டில் வளர்வது பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. கடலில் மிக அதிகமாக உள்ள எஸ்ஏஆர்11 வகையை 1990-இல் மரபணு மூலம்தான் கண்டார்கள். வளர்க்க முடிந்தது 2002-இல், அதுவும் ஊட்டம் மிகக் குறைந்த நீரில். தட்டில் வராததை ‘இல்லை’ என்பதும் தவறு. காலரா கிருமி உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போகும் என்பதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல் குழு 1982-இலேயே சொல்லிவிட்டது.

சரி, தட்டை விட்டுவிட்டு, பாக்டீரியா வகைகளை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணு வரிசையைப் படித்தால் போதுமா? இந்த மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பழைய 806ஆர் பிரைமர் எஸ்ஏஆர்11-ஐக் குறைத்துக் காட்டியது. 2015-இல் அதைத் திருத்தினார்கள். எஸ்ஏஆர்11-க்கு இந்த மரபணுவின் ஒரே பிரதி, விப்ரியோவுக்குப் பல. ஆகவே வரிசைகளின் சதவீதத்தைச் செல்களின் சதவீதமாக எழுதாதீர்கள். இதே மரபணுவைக் கொண்ட பாசிகளின் பசுங்கணிகங்களும் நீலப்பசும்பாசிக் கூட்டத்தில் வந்து கலக்கும், அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். செத்த செல்களின் டிஎன்ஏவும் எண்ணிக்கையில் சேரும். மாதிரியே இல்லாத ஒரு வெற்று வடிதாளையும் அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். அதில் வருபவை உங்கள் வேதிப்பொருட்களிலிருந்தோ கையிலிருந்தோ வந்தவை.