பிபிசி மைக்ரோ: புகை விட்ட பவர் சப்ளையைச் சரிசெய்த விதம்

1984-ல் கிளாஸ் என்ற இந்திய அரசின் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோ பரணிலிருந்து இறங்கினால், உடனே பிளக்கில் சொருகாதீர்கள். மதுரையில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம் ஓடியது; அப்புறம் கருகல் வாடையோடு புகை.

பவர் சப்ளையில் வீட்டு மின்சாரம் நுழையும் மெயின்ஸ் பக்கமுள்ள 0.1, 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகங்கள்)தான் காரணம். உள்ளே உலோகம் பூசிய காகிதம். தேன்நிற உறையில் தலைமுடி மாதிரி விரிசல். அந்த விரிசல் வழியே ஈரம் ஏறினால் தீர்ந்தது.

மாற்றுக் கெபாசிட்டரை மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்டால், "400 வோல்ட்டு இருக்குண்ணே, இதப் போடுங்க" என்பார்கள். அது டிசி அளவு, வேண்டாம். மேலே எக்ஸ்2 (மெயின்ஸில் நேராகப் போடத் தகுந்த பாதுகாப்பு வகை), 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழைய கெபாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்துகொண்டு போங்கள்.

பிளக்கை உருவிய பிறகும் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம், 2.2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மாற்றியதும், ஷார்ட் இருந்தால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு, 5 வோல்ட் வெளியீட்டில் போர்டுக்குப் பதிலாக 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாகக் கொடுத்தேன். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது; மீட்டரில் 5.02. கணினியின் போர்டை இணைத்தது அதற்கப்புறம்தான்.