ஏசி ஓடியது, வீடு குளிரவில்லை

ஹூஸ்டனில் ஆகஸ்ட் மாதம், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மோஸ்டாட்டில் 75 வைத்திருந்தும் வீட்டுக்குள் 84 காட்டியது. காற்று வந்தது, குளிர்ச்சி இல்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் கம்ப்ரஸர் யூனிட் சத்தமில்லாமல் நின்றது. மின்சார பிரேக்கர் ட்ரிப் ஆகவில்லை. ஃபில்டரும் போன வாரம் மாற்றியதுதான்.

அப்புறம் டார்ச்சோடு, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கில் ஏறினேன். ஏசி பெட்டிக்கு அடியில் இருக்கும் தகரத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதில் மிதவை சுவிட்ச் மேலே எழும்பி நின்றது. தண்ணீர் வழியும் அளவுக்குத் தேங்கினால் அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அந்தச் சின்ன சுவிட்ச் இல்லையென்றால் படுக்கையறை சீலிங் ஊறிப் போயிருக்கும்.

ஏசியில் சேரும் தண்ணீரை வெளியே விடும் வடிகுழாய் அடைத்திருக்க வேண்டும். பிரேக்கரை அணைத்தேன். தோட்டத்துப் பக்கம் முடியும் வடிகுழாயின் வாயில், தண்ணீரையும் இழுக்கும் வாக்குவம் கிளீனரைப் பொருத்தி, இடைவெளியை ஈரத்துணியால் இறுகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மூன்று நிமிடம். கொழகொழவென்று பழுப்புப் பாசி கட்டிகட்டியாக வந்தது. பிறகு தட்டுத் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்ததும் மிதவை இறங்கியது. பிரேக்கரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் உறுமியது. ராத்திரிக்குள் 76.

இப்போது மாதம் ஒரு கப் வெள்ளை வினிகரை அதே வடிகுழாய்க்கு ஏசி பெட்டி பக்கம் இருக்கும் திறப்பில் ஊற்றுகிறேன். தட்டு காய்ந்தே இருக்கிறது.