எச்.ஐ.வி., மூளை, போதைப்பழக்கம்: நாகர்கோவிலில் இருந்து ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் எழுதிய ஒரு தேதியால் என் ஆய்வு விண்ணப்பம் இரண்டரை மாதம் நின்றுபோனது. அந்தக் கதை மூன்றாம் படியில் வருகிறது. அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

பைத்தான் தெரியும், புள்ளியியல் தெரியும், ஆனால் நிதி கேட்கத் தெரியாது என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்த ஒற்றைச் செல் தரவை எப்படிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் இங்கே கிடையாது.

முதல் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

என் முதல் வரைவில் "எச்.ஐ.வி. உள்ளவர்களின் அறிதிறன் குறைவை ஆழ்கற்றல் மூலம் கணிப்பது" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மூத்த பேராசிரியர் ஒருவர், "கணித்து?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

கேள்வி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எச்.ஐ.வி. நரம்பணுக்களில் நேரடியாகத் தொற்றுவதில்லை. தொற்றிய மோனோசைட் என்ற வெள்ளையணுக்களின் வழியாக மூளைக்குள் நுழைந்து, மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியாவிலும் இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்களிலும் தங்கிவிடுகிறது. கூட்டு மருந்து சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்த பிறகும் சிலருக்கு நினைவாற்றலும் சிந்தனை வேகமும் மந்தமாகின்றன. ஓபியாய்டு, மெத்தாம்பெட்டமைன், மது ஆகியவை இதே அணுக்களில் அழற்சியைக் கூட்டுகின்றன. இந்த இரண்டு பாதிப்புகளையும் தரவில் பிரித்துப் பார்ப்பதுதான் கணினி ஆய்வாளரின் வேலை.

அமெரிக்காவின் போதைப்பழக்க ஆய்வுக்கான தேசிய நிறுவனம், அதாவது நைடா, ஸ்கார்ச் என்ற கூட்டுத் திட்டத்துக்கு நிதி தருகிறது. எச்.ஐ.வி. உள்ளவர், இல்லாதவர், போதைப்பொருள் பயன்படுத்தியவர், பயன்படுத்தாதவர் ஆகியோரின் மூளைப் பகுதிகளில் இருந்து ஒற்றைச் செல் தரவை அந்தத் திட்டம் உருவாக்குகிறது. இறந்தவர்களின் மூளைத் திசுவை மருத்துவக் குறிப்புகளோடு சேர்த்து வைத்திருக்கும் என்.என்.டி.சி. என்ற கூட்டமைப்பு 1998 முதல் இயங்குகிறது. முதல் விண்ணப்பத்துக்கு நீங்களாக ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இருந்து கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் பரவியிருப்பது வைரஸின் சி வகை. அமெரிக்கத் திசு வங்கிகளில் இருப்பது பெரும்பாலும் பி வகை. இந்திய சி வகை வைரஸ்களில் டாட் என்ற வைரஸ் புரதத்தின் 31-ஆம் இடத்தில் பெரும்பாலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரீன் இருக்கிறது. இதனால் மோனோசைட்டுகளை இழுக்கும் திறன் குறைகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆனால் இந்திய நோயாளிகளிடமும் அறிதிறன் குறைவு பதிவாகியிருக்கிறது. அப்படியானால் பி வகைத் தரவில் பழகிய ஒரு கணினி மாதிரி நம்மவர்களுக்கு எவ்வளவு பொருந்தும்? மருத்துவர் எந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்? இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுபோனால் யாரும் காபி குடிக்க எழுந்து போகமாட்டார்கள்.

இரண்டாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சில் 27 நிறுவனங்களும் மையங்களும் இருக்கின்றன. நம் தலைப்புக்கு நைடாவும் மனநல நிறுவனமான என்.ஐ.எம்.எச்.சும் போதும். தொடக்கநிலையினருக்கு ஆர்21 என்ற வகை ஏற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மொத்த நேரடிச் செலவு 2,75,000 டாலர் வரை கேட்கலாம். எந்த ஓர் ஆண்டிலும் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. முன் தரவு கட்டாயமில்லை. ஆய்வுத் திட்டம் 6 பக்கம்தான்.

நிதி அறிவிப்பைத் திறந்ததும் தகுதி பற்றிய மூன்றாம் பகுதிக்குப் போங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாமா என்பது அங்கே ஒரே வரியில் இருக்கும். கூடாது என்றால் மீதி அறுபது பக்கத்தைப் படிக்க வேண்டாம். நான் படித்தேன், அதனால் சொல்கிறேன். அமெரிக்கப் பேராசிரியரின் திட்டத்தில் துணைப் பங்காளியாகச் சேரும் வழியும் முன்பு எளிதாக இருந்தது. 2025 மே மாதத்தில் அந்தத் துணை நிதி முறையை நிறுத்தி, புதிய அமைப்பைக் கொண்டுவருவதாக என்.ஐ.எச். அறிவித்தது. ஆகவே பழைய வலைப்பதிவுகளை நம்பாதீர்கள். இன்னும் சில ஆண்டுகள் கழித்து வருபவர்கள் இந்தப் பதிவையும் நம்ப வேண்டாம்.

என் யோசனையைக் கேட்டால், முதலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சிறு நிதித் திட்டத்துக்குப் போங்கள். 2 கோடி ரூபாய் வரை கேட்கலாம். பதிவுத் தொல்லை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்கக் கதவைத் தட்டிய கையோடு இதையும் அனுப்பினேன். கிடைத்தது இதுதான்.

மூன்றாம் படி: பதிவுகள், அதாவது முகவரிப் படலம்

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் என்கேஜ் என்ற ஐந்து எழுத்துக் குறியீடு. இதைத் தருவது நேட்டோ படைக் கூட்டமைப்பின் அமைப்பு. பேச்சிப்பாறை அணைக்குக் கீழே வாழைத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கு நேட்டோ குறியீடு எதற்கு என்று எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்தது அமெரிக்க அரசின் நிதி பெறுவோர் பதிவேடான சாம் தளத்தில் பதிவு, அங்கே யு.இ.ஐ. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளம் கிடைக்கும். அதன் பிறகு அமெரிக்க அரசின் நிதி விண்ணப்பத் தளமான கிராண்ட்ஸ்.கவ், கடைசியாக என்.ஐ.எச்.சின் தளமான ஈஆர்ஏ காமன்ஸ். எல்லாம் முடிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

இனி விழுந்த கதை. என்கேஜ் விண்ணப்பத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டு எழுதினேன், எல்லாரும் எழுதுவதுபோல. அரசு ஆவணங்களிலோ இரண்டு 'என்' போட்டு, இடையில் ஓர் 'ஐ' சேர்த்து எழுதுவார்கள். நிறுவனத்துக்கு வந்த வருமான வரிக் கடிதத்தில் ஊர் நாகர்கோவில் என்று மட்டும் இருந்தது. பழைய கடிதத் தாளில் 'கேப் கொமரின்' என்ற பழைய ஆங்கிலப் பெயரையே அச்சடித்திருந்தார்கள். நமக்கு நான்கும் ஓர் ஊர். சாம் தளத்தில் சரிபார்ப்பவருக்கு நான்கும் நான்கு நிறுவனங்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது.

சரி, மூல ஆவணத்தையே காட்டிவிடலாம் என்று அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்தோம். நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் பத்திரம். மலையாளத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். மொழிபெயர்த்தவர் நேர்மையானவர், தேதியை உள்ளபடியே 1121 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கொல்லம் ஆண்டு என்ற குறிப்பு இல்லை. 825 கூட்டினால் 1946 வரும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் நிறுவனம் சோழர் காலத்தில் தொடங்கப்பட்டது என்று அவர் நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆண்டைச் சரிபார்க்க முடியவில்லை என்று மறுபடியும் திருப்பி அனுப்பினார்.

தீர்வு இதுதான். நோட்பேடில் ஒரு கோப்பைத் திறங்கள். வேர்டு வேண்டாம், அது மேற்கோள் குறிகளைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். நடப்பில் உள்ள ஏதாவது ஒரு ஆங்கில ஆவணத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுங்கள். நான் நிறுவனப் பெயரில் வந்த மின்கட்டண ரசீதையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் பயன்படுத்தினேன். தேவையானால் வங்கியில் முகவரியைத் திருத்தி, புதிய அறிக்கை வாங்குங்கள். அஞ்சல் பெட்டி எண் செல்லாது. அதன் பிறகு எல்லாத் தளத்திலும் அந்தக் கோப்பில் இருந்து வெட்டி ஒட்டுவது மட்டும்தான்; கையால் தட்டச்சு செய்யவே கூடாது.

ஈஆர்ஏ காமன்ஸில் நிறுவனத்தின் கையொப்ப அதிகாரிக்கு ஒரு கணக்கும் ஆய்வாளருக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். இரண்டும் நீங்களே என்றாலும் தனித்தனிக் கணக்குதான். கடவுச்சொல்லோடு வரும் இரண்டாம் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியை நம்பாமல் கைபேசிச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பின்சேர்க்கை. மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: முகவரி எல்லாம் பொருந்தியும் பெயர் பொருந்தவில்லையாம். ஓர் ஆவணத்தில் 'அண்டு' (and) என்ற ஆங்கிலச் சொல்லை முழுதாகவும், இன்னொன்றில் அதன் குறியாகவும் (&) போட்டிருக்கிறார்கள். அதையும் அந்தக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அனுமதிகள்

பதிவோடு சேர்த்தே இதையும் ஓட்டுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தெரிந்ததே. வெளிநாட்டு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். பணத்தைப் பெற நிறுவனத்துக்கு எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவும், புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் தேவை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வந்த பணத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட முடியாது. பக்கத்துக் கல்லூரி நண்பருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம் என்று பட்ஜெட் போட்டிருந்தால் இப்போதே கிழித்துவிடுங்கள்.

உள்ளூர் நோயாளிகளின் தரவைத் தொடுவதாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைத் தடை செய்கிறது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று கணினிக்காரர்கள் நினைக்கிறோம். நம் மாவட்டம் சிறியது. கடற்கரைக் கிராமத்தின் பெயர், வயது, வளைகுடாவில் இருந்து திரும்பிய ஆண்டு என்று மூன்று நெடுவரிசை போதும். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்லிவிடுவார். போதைப்பழக்கமும் அதே வரியில் இருந்தால் அந்த மனிதரின் குடும்பத்துக்கே தலைகுனிவு. கிராமத்தை விட்டுவிடுங்கள், வயதைப் பத்தாண்டுக் கட்டங்களாக்குங்கள், ஐந்து பேருக்குக் குறைந்த கட்டத்தை வெளியிடாதீர்கள். இதைத் தரவு மேலாண்மைத் திட்டத்தில் விரிவாக எழுதினேன். 2023 ஜனவரி 25 முதல் என்.ஐ.எச். அந்தத் திட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அறிதிறன் சோதனைக்கு ஐ.எச்.டி.எஸ். என்ற எளிய அளவுகோல் இருக்கிறது. 12 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேலும் பரிசோதிக்க வேண்டும். நான்கு சொற்களை நினைவில் வைக்கச் சொல்வார்கள். களியக்காவிளைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவரிடம் எந்த மொழியில் அந்தச் சொற்களைச் சொல்வது? பள்ளிப் படிப்பு குறைந்தவரின் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது? கணினி மாதிரி இதையெல்லாம் நோயாக எடுத்துக்கொள்ளும். திட்டத்தில் ஒரு பத்தி இதற்கு ஒதுக்குங்கள்.

ஐந்தாம் படி: நோக்கப் பக்கம்

ஆய்வில் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும் ஒரே பக்கம். இதை முதலில் எழுதுங்கள், கடைசி நாள்வரை திருத்துங்கள். இரண்டு நோக்கம் போதும். முதலாவது தோற்றால் இரண்டாவதும் சாகும்படி அமைக்காதீர்கள். எழுதியதும் அறிவிப்பில் பெயர் இருக்கும் திட்ட அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இது உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம், பதில் சொல்வது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. எனக்கு நான்கே வரியில் பதில் வந்தது. அதில் ஒரு வரி என் இரண்டாம் நோக்கத்தை முழுதாக மாற்றியது.

2025 ஜனவரி 25-க்குப் பிறகு மதிப்பீடு மூன்று பிரிவாகிவிட்டது: ஆய்வின் முக்கியத்துவம், முறையின் உறுதியும் சாத்தியமும், ஆட்களும் வசதிகளும். முதல் இரண்டுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 தான் மிகச் சிறந்தது. மூன்றாவதுக்குப் போதுமா போதாதா என்ற கணக்குத்தான். சிறிய ஊர் நிறுவனத்துக்கு இது நல்ல மாற்றம்.

மேற்கோள்களுக்கு ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள். காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்குபவர்களை எனக்குப் புரிவதில்லை. எழுத்துரு ஏரியல், அளவு 11. லேடெக் என்ற ஆவண மென்பொருள் எனக்கு உயிர், ஆனால் உடன் எழுதும் மருத்துவர்கள் வேர்டில்தான் திருத்துவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை.

ஆறாம் படி: பட்ஜெட்

வெளிநாட்டு நிறுவனத்துக்கு மேற்செலவு 8 சதவீதம். மேகக் கணிப்புக்குப் பணம் கேளுங்கள். சொந்தமாகச் சர்வர் வாங்கினால் காற்றடிக்கும் மாதங்களில் அதற்குக் காவலிருக்க வேண்டும்.

ஏழாம் படி: அனுப்புதல்

என்.ஐ.எச்.சின் அசிஸ்ட் தளத்தின் வழியாக அனுப்புங்கள். அனுப்பும் முன்பே பிழைகளைக் காட்டிவிடும். கோப்புப் பெயர் 50 எழுத்துக்குள் இருக்கட்டும்.

கடைசி நேரம் மாலை 5 மணி. எந்த ஊர் 5 மணி? அமெரிக்க நேரம் என்று நினைத்து, நமக்கு நள்ளிரவு தாண்டியும் அவகாசம் உண்டு என்று முதல் முறை நிதானமாக இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் நேரம்தான் கணக்கு. நாகர்கோவிலில் 5 மணி அடித்ததும் கதவு மூடிவிட்டது. அடுத்த சுற்றுக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். அனுப்பிய பிறகு சரிபார்த்துத் திருத்த இரண்டு வேலை நாள் தருவார்கள். ஆனால் அந்த நாட்களும் கடைசித் தேதிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகவே நான்கு நாள் முன்னதாக அனுப்புங்கள்.

இரண்டாம் முறை ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. மதிப்பீட்டுக் குழு கூட்டத்தில் விவாதிக்கவில்லை. ஏறக்குறைய பாதி விண்ணப்பங்களுக்கு அந்த நிலைதான். ஆனாலும் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் எழுத்தில் வரும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பின்சேர்க்கை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விண்ணப்பத்தை எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 25 முதல், பெருமளவு அப்படி உருவாக்கப்பட்ட விண்ணப்பத்தை என்.ஐ.எச். ஏற்பதில்லை. ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பம்தான் அனுப்பலாம் என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒன்றை அனுப்பவே எனக்கு ஓராண்டு ஆனது.

மூன்றாவது. சாம் பதிவு ஓராண்டில் காலாவதியாகும். தக்கலை நண்பர் ஒருவர் இதை மறந்துவிட்டு, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு என்னை அழைத்தார். அந்த நோட்பேடு கோப்பு அவரிடம் இருந்ததால் புதுப்பிக்கும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. ஒப்புதல் வரத்தான் பன்னிரண்டு நாள் ஆனது.