தமிழ்99-க்கு மாறுவது எப்படி? தங்லிஷில் அடித்துப் பழகியவர்களுக்கு

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில் கை பழகியவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அவசரத்துக்கு அந்த முறை போதும். ஆனால் தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவர் என்றால் தமிழ்99 கற்றுக்கொள்வது நல்லது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தளக்கோலம் இது; அதாவது விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே என்னும் அமைப்பு.

'தம்பி' என்று அடிக்கத் தங்லிஷில் ஆறு தட்டு. தமிழ்99-இல் த, ம, ப, இ என்று நான்கே தட்டு. புள்ளி எங்கே போனது என்கிறீர்களா? அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நிறுவல். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். பிறகு தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, மொழி விருப்பங்களில் 'தமிழ் 99' விசைப்பலகையைச் சேருங்கள். கூடவே வேறொரு தமிழ் விசைப்பலகை வந்து உட்கார்ந்திருந்தால் நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் குழப்பம்தான் மிச்சம். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். மேக்கில் உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்து விரல்கள். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் விரல்களை வையுங்கள். இடது சுண்டுவிரலில் அ, மோதிரவிரலில் இ, நடுவிரலில் உ, ஆள்காட்டி விரலில் ஃ, அதையே சற்று வலப்பக்கம் நீட்டினால் எ. அ, இ, உ, எ ஆகியவற்றுக்கு நேர் மேலே அவற்றின் நெடில்கள் ஆ, ஈ, ஊ, ஏ. வலது கையில் ஆள்காட்டி விரலிலிருந்து வரிசையாக ப, ம, த, ந; ஆள்காட்டி விரலை இடப்பக்கம் நீட்டினால் க. வ, ங மட்டும் மெய்யாக இருந்தும் இடது ஆள்காட்டி விரலிடம் மாட்டிக்கொண்டவை. இந்த இரண்டும்தான் கொஞ்ச நாள் தகராறு செய்யும்.

இப்போது புள்ளி விஷயம். தமிழ்99-இன் உண்மையான லாபம் இங்கேதான். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும்: அ, ப, ப, ஆ என்றால் 'அப்பா'. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய ஆறு இணைகள். ப, ந, த, உ என்றால் 'பந்து'. மற்ற இடங்களில் ஃ விசையை நாமே தட்ட வேண்டும். 'அன்பு' என்பதில் ன-வும் ப-வும் இனமல்ல. எனவே அ, ன, ஃ, ப, உ.

புள்ளி வேண்டாத இடத்தில் விழுந்தால்? 'மமதை' அடித்துப் பாருங்கள், 'ம்மதை' ஆகிவிடும். முதல் ம-வுக்குப் பின் ஒரு அ தட்டுங்கள், பிரிந்துவிடும்.

கிரந்த எழுத்துகள் ஷிஃப்டோடு மேல் வரிசையில் இருக்கின்றன: இடமிருந்து ஸ, ஷ, ஜ, ஹ.

பயிற்சிக்கு முதலில் நடு வரிசைச் சொற்கள் போதும்: அதிகம், பகுதி, கம்பு, தந்தி, தம்பி, பந்து. இவை பார்க்காமல் வந்தபின் மேல் வரிசைக்குப் போங்கள். விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே கிடக்கும். தளக்கோலப் படத்தைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்தால் போதும்.

ஆரம்பத்தில் வேகம் படுத்துவிடும். அதனால் நாளைக்கே கொடுக்க வேண்டிய வேலையைக் கையில் வைத்துக்கொண்டு மாறாதீர்கள். ஆனால் மாறிய பிறகு, வேகமாக முடிக்க வேண்டும் என்று இடையிடையே தங்லிஷுக்குத் திரும்பவும் கூடாது. கை இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். கைப்பேசியில் பழகினால் எழுத்துகளின் இடம் மனப்பாடமாகும். கட்டைவிரலால் அடிப்பதால் பத்து விரல் பழக்கம் மட்டும் வராது.

கடைசியாக ஒன்று: கடவுச்சொல் அடிக்குமுன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். அங்கே வெறும் புள்ளிகள்தான் தெரியும். எந்த மொழியில் அடிக்கிறோம் என்பதே தெரியாது.