பயோடெக் படிக்கக் கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், வியாசர்பாடியில் எங்கள் தெருவிலிருந்து யாராவது மார்க் ஷீட்டோடு வந்துவிடுவார்கள். "அக்கா, பயோடெக் போடலாமா? பேங்க்ல கடன் தர்றாங்களாமே?" நான் கடன் வாங்கி பி.டெக் பயோடெக்னாலஜி படித்து 2015-ல் முடித்தவள். கடனை அடைக்க ஒன்பது வருடம் ஆனது. அதனால் பதில் சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்வேன்.

இடது பக்கம் கடன். ஐந்து லட்சம் வாங்கினால் ஐந்து லட்சம்தான் கட்ட வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். வருடத்துக்கு 1,25,000 வீதம் நான்கு வருடம், 10% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,75,000 சேர்ந்திருக்கும். ஆக, கடன் 6,75,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,900 ரூபாய். பதினைந்து வருடம் கேட்டால் தவணை 7,250 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் 13 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

வலது பக்கம் சம்பளம். கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் தொகையை இங்கே எழுதாதீர்கள். எங்கள் வகுப்பில் கேம்பஸில் வேலை கிடைத்தவர்களில் பாதிக்கு மேல் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் போனார்கள். கல்லூரி அதையும் பயோடெக் வேலை என்றே கணக்குக் காட்டியது. நான் லேபுக்குத்தான் போவேன் என்று நின்றேன். பெங்களூரில் ஒரு மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கைக்கு 13,500 வந்தது. ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு 6,000. கடன் தவணை 5,300. மிச்சம் 2,200 ரூபாயில் மாதத்தை ஓட்ட முடியாமல், முதல் ஆறு மாதத் தவணையை அப்பா ஹார்பர் லாரி ஓட்டிய காசில் கட்டினார். அந்தச் சலான்களை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

சரி, உண்மையான சம்பளத்தை எங்கே தேடுவது? என்.ஐ.ஆர்.எஃப் என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று கொடுத்தே ஆக வேண்டும். இடைநிலை என்றால் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவர் வாங்குவது. ஆனால் அது எல்லாப் பிரிவுக்கும் சேர்த்த எண். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகள் அதைத் தூக்கிவிட்டிருப்பார்கள். அதனால் அந்தத் துறையில் போன வருடம் முடித்த நாலு பேரிடம் நேரில் பேசுங்கள். "லேபில் சேர்ந்தது எத்தனை பேர்? கைக்கு எவ்வளவு?" இந்த இரண்டு கேள்வி போதும்.

என் கணக்கு இது: தவணை, கைக்கு வரும் முதல் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 8,900 தவணைக்கு 36,000 சம்பளம் வேண்டும். பயோடெக் லேபில் பி.டெக் முடித்த கையோடு அது கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். இந்தத் துறையில் சம்பளம் ஏறுவது பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகுதான், அதனால் இதை ஆறு வருடப் படிப்பாகவே கணக்கில் வையுங்கள். முதுகலைக்குப் பிறகு ஆராய்ச்சிக்குப் போக நெட் என்று ஒரு தேசியத் தேர்வு உண்டு; அதில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி மாணவர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 உதவித்தொகை. அந்த வழியில் போக மனமிருந்தால், பி.டெக் கடன் சின்னதாக இருப்பது இன்னும் முக்கியம்.

கடனைச் சின்னதாக்க வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% இடஒதுக்கீடு உண்டு. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங் சீட்டுக்குக் கட்டணச் சலுகை. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: வருட வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரை ஓடும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. மேலே சொன்ன 1,75,000 அப்படியே மிச்சமாகும். எங்கள் வங்கியில் யாரும் இதைச் சொல்லவில்லை; எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு, கடன் விண்ணப்பிக்கும் அன்றே நீங்களாகக் கேளுங்கள். இது கிடைக்காதவர்கள், முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவாருங்கள். முதல் வருடம் அது மாதம் 1,050-க்குள்தான் வரும்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் பயோடெக், அதுவும் முழுக்கக் கடனில் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொடுங்கையூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அப்படித்தான் சொன்னேன். ஆறு லட்சத்துக்கு விண்ணப்பம் தயாராக வைத்திருந்தாள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தாள். எம்.எஸ்சி.யில் பயோடெக்குக்கு மாறலாம் என்பது திட்டம். அவள் கணக்குப் போட்ட தாள் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.