கேப்பைத் திப்பியைச் சமைக்கும் முறை

முளைகட்டிய கேப்பையை (கேழ்வரகை) அரைத்துப் பால் பிழிந்து, குழந்தைக்குக் கூழோ பெரியவர்களுக்குக் கஞ்சியோ காய்ச்சிய பிறகு துணியில் மிஞ்சுகிற திப்பி, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் கோழிக்கோ ஆட்டுக்கோ போய்விடுகிறது. 100 கிராம் கேப்பையில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு தானியத்தின் மேல்தோலில்தான் தங்கியிருக்கிறது, நார்ச்சத்தும் அங்கேதான். பாலோடு இறங்கிப்போவது முக்கியமாக மாவுச்சத்தும், முளைகட்டியதால் உண்டான இனிப்பும். ஆகவே திப்பியைச் சமைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அது மாவு அல்ல என்பதே. பிசைந்தால் ஒட்டாது, தட்டினால் உடையும், நாவில் சற்றே துவர்க்கும். ஒட்டுவதற்கு வேறொரு மாவும், துவர்ப்பை அடக்கத் தேங்காயோ எண்ணெயோ கருப்பட்டியோ வேண்டும்.

அதற்கு முன்பே கவனிக்க வேண்டியது நேரம். பிழிந்த திப்பியில் ஈரமும் எஞ்சிய இனிப்பும் இருப்பதால், நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். பழைய சோற்றின் புளிப்பைப் போல இதையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். என் கருத்தில் அது கூடாது. வாடை மாறிவிட்டாலோ, விரலால் தொடும்போது கொழகொழத்தாலோ எருக்குழியில் போட்டுவிடுவதே நல்லது. காலையில் பால் பிழிந்தால் மதியத்துக்குள் சமைத்துவிடுங்கள். முடியாவிட்டால் இன்னொரு முறை நன்றாக முறுக்கிப் பிழிந்து, மூடியுள்ள டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே எடுத்துவிடுங்கள். உறைபெட்டியில் வைப்பதானால் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு உருண்டைகளாகப் பிடித்து வைப்பது வசதி.

என் வீட்டில் திப்பி அதிகம் போவது கருவாட்டு அடைக்குத்தான். ஒரு கோப்பை பிழிந்த திப்பிக்கு அரைக் கோப்பை அரிசி மாவு சரியாக இருக்கும். இடியாப்பத்துக்குச் செய்வதுபோல அரிசி மாவில் கொதிக்கும் நீரைத் தெளித்துக் கிளறி முதலில் மாவை வேகவைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் அடை கல்லிலிருந்து எடுக்கும்போது பொலபொலவென்று உதிரும். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பாத்திரத்தின் அடியில் மணல் தங்குவது நிற்கும்வரை நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். கடற்கரை மணலில் காயவைத்த நெத்திலியானால் இரண்டு அலசலோடு நிறுத்திவிடாதீர்கள். பிறகு வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, உடையும் பதம் வந்ததும் கையால் நொறுக்கிக்கொள்ளுங்கள்.

காரத்துக்கு நம் குண்டு மிளகாய் இரண்டைச் சின்ன வெங்காயத்தோடும் சோம்போடும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்த்தால் போதும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாயின் தோல் தடித்தது. முழுதாகக் கிள்ளிப் போட்டால் அடையில் தனியே நிற்கும். இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு பிடி முருங்கைக்கீரை, நொறுக்கிய கருவாடு எல்லாவற்றையும் திப்பியோடு பிசைந்து, அதன் பின்பே உப்பைச் சுவைத்துப் பாருங்கள். கருவாட்டு உப்பு கடைக்குக் கடை மாறும் என்பதால் முன்கூட்டி அளவு சொல்ல முடியாது. வாழையிலையில் நல்லெண்ணெய் தடவி, அரை விரற்கடை கனத்தில் தட்டி, நடுவில் ஒரு துளையிட்டு, மிதமான தீயில் மூடிபோட்டு ஒரு பக்கம் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். ஓரம் கருஞ்சிவப்பாகி, கல் லேசாகப் புகையும் வாசனை வரும்போது திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே ஈரமாகவே இருக்கும். திப்பி மாவைவிட அதிக நீரைப் பிடித்து வைத்திருப்பதே காரணம்.

கருவாடு வேண்டாதவர்களுக்குப் புட்டு எளிது. திப்பிக்குச் சம அளவு வறுத்த அரிசி மாவைச் சேர்த்துப் பிசிறினால், திப்பியின் ஈரமே போதும். தனியே நீர் தெளிக்க வேண்டியதில்லை. பிடித்தால் பிடிபட்டு, விரலால் தொட்டால் உதிர வேண்டும். பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் அதைத் தட்டிப் போட்டு, தேங்காய்ப் பூவோடு கிளறுங்கள். தோசை மாவில் கலப்பதானால் ஐந்து பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். பல் முளைக்காத குழந்தைக்குத் திப்பியை எந்த வடிவிலும் கொடுக்காதீர்கள். அதற்காகத்தானே பாலைத் தனியே பிழிகிறோம்.

நிறைய மிஞ்சினால் காயவைத்து மாவாக்கலாம். வேட்டித் துணியில் மெல்லிய படலமாகப் பரப்பி, கட்டிகளை அவ்வப்போது உதிர்த்துவிட்டு, ஒரே வெயிலில் காய்ந்துவிடும்படி காலையிலேயே போட வேண்டும். ஆடிக் காற்றில் மணல் பறக்குமாதலால் மேலே இன்னொரு மெல்லிய துணி அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். சட்டியில் சிறு தீயில் வறுத்து ஈரத்தைப் போக்குவதுதான் அப்போது வழி. திரித்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காவிட்டால் கடற்காற்று அதை மீண்டும் நமுத்துப்போகச் செய்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சிலர், வீட்டில் பீர் காய்ச்சும் அண்டை வீட்டார் கொடுக்கும் பார்லிச் சக்கையை இதேபோலச் சமைக்கலாமா என்று கேட்பதுண்டு. (தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவதை 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது, ஆகவே இங்கே அந்தக் கேள்வி எழாது.) முளைகட்டிக் காயவைத்த பார்லியை ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரில் ஊறவைத்து, இனிப்பு நீரை வடித்துக்கொண்ட பின் மிஞ்சுவதே அந்தச் சக்கை. கசப்புக்கான ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் அதற்குப் பிறகே வடித்த நீரில் சேர்வதால், வடித்த கையோடு எடுத்த சக்கையில் மதுவும் இராது, கசப்பும் இராது. ஆனால் பார்லியின் உமி கேப்பைத் தோலைப் போல மென்மையானதல்ல. ஈரமாக அடையில் போட்டால் தொண்டையில் குத்தும். காயவைத்து, நைசாகத் திரித்து, சலித்த பிறகே சப்பாத்தி மாவிலோ புட்டு மாவிலோ ஐந்தில் ஒரு பங்காகச் சேர்க்க வேண்டும். சல்லடையில் நிற்கும் உமியைத் தள்ளிவிடலாம்.