இதயத்துடிப்புப் பாடம்: பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

"ஓடினால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும்." இதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பின்பாதி மட்டுமே போய்ச் சேரும். முன்பாதி, இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு என்ற பிரேக். தேவையானவை விநாடி முள் கடிகாரம், நாற்காலி, நோட்டு.

1. நாடி பிடித்தல்
ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்க ஓரத்தில். கட்டைவிரலால் பிடித்தால் அதன் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவார்கள். கழுத்து வேண்டவே வேண்டாம். அங்கே அழுத்தினால் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்லும், துடிப்பு குறையும். அளக்கப் போன விரலே அளவைக் கெடுத்துவிடும்.

2. ஓய்வுத் துடிப்பு
5 நிமிடம் உட்கார்ந்த பிறகு முழு 60 விநாடி எண்ணட்டும். பெரும்பாலும் 60–100க்குள் வரும். இப்போது கேளுங்கள்: "இதயத்துக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டால்?" பலர் நின்றுவிடும் என்பார்கள். நிற்காது. வலது மேலறையிலுள்ள சைனோ ஏட்ரியல் கணு தானாகவே நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிப்பைக் கிளப்பும். பொருத்தும்போது நரம்புகள் அறுபட்டுவிடுவதால், மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு ஓய்விலேயே 90–110 இருப்பது இதனால்தான். அப்படியானால் நமக்கு 70 எப்படி? வேகஸ் எந்நேரமும் பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறது.

3. எழுந்து நிற்றல்
சொதப்புவது இங்கேதான். எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும், அழுத்தம் சரியும், உணரிகளின் சமிக்ஞை குறையும். உடனே முகுளம் பிரேக்கைத் தளர்த்தும். ஓரிரு துடிப்புக்குள் மாற்றம் தெரியும். சுமார் 15ஆவது துடிப்பில் உச்சம், 30ஆவது துடிப்பை ஒட்டி ஓரளவு இறங்கிவிடும். 60 விநாடி எண்ணினால் அந்த உச்சம் சராசரியில் கரைந்து, "பெரிதாக ஒன்றும் மாறவில்லையே" என்பார்கள். எழும்போதே விரல் நாடியில் இருக்கட்டும். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்க வேண்டும். ஒரு துடிப்பு தவறினாலும் விடையில் 4 பிசகும் என்பதால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

4. நின்ற இடத்தில் ஓட்டம், 1 நிமிடம்
ஓட்டத்தை நிறுத்திய கணமே மீண்டும் 15 விநாடி. தாமதித்தால் துடிப்பு இறங்கத் தொடங்கியிருக்கும். ஏறத்தாழ 100 வரை ஏறுவது பெரிதும் பிரேக் விட்டதால். அதற்கு மேல், இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்புகள், அட்ரினலின். இவை வேலையைக் காட்டச் சில விநாடிகளாவது ஆகும். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

இரண்டு சிக்கல்கள்
"துடிப்பு சீராக இல்லையே" என்று யாராவது பயப்படுவார்கள். மூச்சை இழுக்கும்போது வேகம் கூடி, விடும்போது குறைந்தால் அது இயல்பு. இளம் வயதில் நன்றாகவே தெரியும். பிரேக் வேலை செய்வதைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை: 5 விநாடி இழுத்து 5 விநாடி விடச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச், விரல்நுனி ஆக்ஸிமீட்டர் இரண்டும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டும். 2ஆம் படிக்குச் சரி, 3க்கு விரல்தான்.